வில்லங்கச் சான்றில் வெள்ளத்தின் உயரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் சனிக்கிழமை வீட்டுமனை இணைப்பில், சென்னைப் புறநகரில் முதல் வீடு வாங்க நினைப்பவர்களுக்காக வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் பகுதியில் சதுர அடி என்ன விலை, மெட்ரோ எங்கே வரப்போகிறது, ஐந்து வருடத்தில் விலை எவ்வளவு ஏறும் என்று விரிவாக எழுதியிருந்தார்கள். வாங்கி விற்பவருக்கு அது போதும். வாங்கிய வீட்டிலேயே இருபது வருடம் தவணை கட்டிக்கொண்டு குடியிருக்கப் போகிறவர்களுக்குப் போதாது. அந்தத் தெருவில் மழைக்குத் தண்ணீர் நிற்குமா, நின்றால் எந்த உயரம், எத்தனை நாளில் வடியும் என்ற விவரம் கட்டுரையில் எங்கேயும் இல்லை. கட்டுரையாளரைக் குறை சொல்ல மாட்டேன். வீடு வாங்குபவரின் கைக்கு வரும் எந்தக் காகிதத்திலும் அந்த விவரம் இருப்பதில்லை. சொத்தின் மேல் அடமானம் ஏதும் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்றில் அதையும் எழுத வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் சென்ட்ரலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில் பரிசோதனைக் கூட டெக்னீஷியன். காலை ஷிப்ட் என்றால் ஏழு மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும். கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இயந்திரம் ஓட்டுகிறார். மகள் மூன்றாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். வில்லிவாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். இந்த வருடம்தான் முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கியிருக்கிறோம்.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கின்றன. எங்கள் இருவர் சம்பளத்துக்கு 28 லட்சம் கடன் தரலாம் என்று வங்கியில் சொன்னார்கள். எட்டரை சதவீத வட்டிக்கு 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 24,300 ரூபாய். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம், அதற்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம். ஆனால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. எங்களைப் போலப் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 36 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 3 லட்சத்து 24 ஆயிரம் கையில் இருந்து போக வேண்டும். பலர் முன்பணத்தைச் சேர்த்துவிட்டு இந்த இடத்தில்தான் நகையை அடகு வைக்கிறார்கள்.

இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் சென்னை தானாகவே நம்மை வெளியே தள்ளிக்கொண்டே போகிறது. கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று திருவள்ளூர் மார்க்கத்தில் ஒவ்வொரு ஸ்டேஷன் தாண்டும்போதும் அதே பணத்துக்கு ஒரு அறை கூடுகிறது. ஆவடி தாண்டியதும் தனி வீடு கிடைக்கிறது. வேப்பம்பட்டு தாண்டினால் அரை கிரவுண்டு மனையோடு தனி வீடு, மாடிப்படி, முருங்கை வைக்க இடம். என் மாமியாருக்கும் கணவருக்கும் அதுதான் ஆசை. “ஃபிளாட்டுன்னா ஆகாயத்துல இருக்கிற மாதிரி, மண்ணு நம்மளுதா இருக்கணும்மா” என்றார் மாமியார். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர், அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

திருநின்றவூர் போயிருந்தபோது இருதயாலீஸ்வரர் கோயிலுக்கும் போய்விட்டு வந்தோம். கல்லும் காசும் கிடைக்காமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடித்த பூசலார் நாயனாரின் ஊர் அது. முதல் வீடு தேடி அலைகிறவர்கள் ஒருமுறையாவது அங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மனசுக்குள் கட்டிவைத்த வீட்டோடுதான் எல்லோரும் தேடக் கிளம்புகிறோம்.

ஆனால் தூரத்துக்கும் விலை உண்டு. ஸ்டேஷனிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நகருக்கு ஷேர் ஆட்டோ ஆளுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர், போக வர, 25 நாள் என்றால் 2,000 ரூபாய். குடிக்க, சமைக்கத் தண்ணீர் கேன் வாங்கினால் மேலே ஒரு 500. மாதம் 2,500 ரூபாய் என்பது இதே வட்டிக்கு, இதே 20 வருடத்துக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 88 ஆயிரம் ரூபாய்க் கடனின் தவணை. அதாவது, ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள வீடு 2 லட்சத்து 88 ஆயிரம் அதிகமாக இருந்தாலும் இரண்டும் எங்களுக்கு ஒன்றுதான். பெண்கள் கட்டணமில்லாமல் போகும் சாதாரணப் பேருந்து 2021-லிருந்து இருக்கிறது. அது ஓடும் சாலையில் வீடு அமைந்தால் இந்தக் கணக்கு இன்னும் சாதகமாகிறது. மாலை ஷிப்ட் முடித்து இரவு பத்து மணிக்கு இறங்கும் பெண்ணுக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை விளக்கு எரியும் தெரு வேண்டும். அதை நான் ரூபாயில் போட்டுப் பார்க்கவில்லை.

இவையெல்லாம் கணக்கு போட்டுப் பார்க்க முடிந்தவை. தண்ணீரைக் கணக்கு போட முடியவில்லை. எங்களைத் திணற வைத்தது அதுதான்.

என் துறையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வரதராஜபுரத்தில் இருக்கிறார். தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூருக்குப் பக்கத்தில். அவரும் அவர் கணவரும் ஒரு கோடைக் காலத்தில் மனை பார்த்து, வீடு கட்டி, 2013-ல் கிரகப்பிரவேசம் செய்தார்கள். 2015 டிசம்பரில் தரைத்தளம் முழுதும் மூழ்கியது, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து படகில் இறங்கினார்கள். 2021-லும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பலர் நினைப்பதுபோல முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது செம்பரம்பாக்கம் ஏரியின் திறப்பு இல்லை. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது அதற்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். மேலே இருக்கும் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும் தாழ்வான இடம் வரதராஜபுரம். அடையாறு அங்கே பெயருக்கு ஒரு வாய்க்கால் போலத் தெரியும். கோடையில் மனை பார்த்தவர்களுக்கு அது ஆறு என்றே தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த அக்காவின் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, வங்கியின் மதிப்பீடு எல்லாம் சுத்தமாக இருந்தன. ஒன்றில்கூட ஆறு இல்லை.

ஆகவே நாங்கள் வீடு பார்க்கும்போது வீட்டை அப்புறம்தான் பார்த்தோம். தெருவின் சுவர்களை முதலில் பார்த்தோம். ஒரு தெருவில் வெள்ளம் வந்திருந்தால் அந்தத் தெருவே சொல்லிவிடும். காம்பவுண்டுச் சுவரில் கீழே இரண்டு மூன்று அடிக்கு மட்டும் பூச்சு உதிர்ந்து, அதற்கு மேல் நன்றாக இருக்கும். மின்சார மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்குத் தூக்கி வைத்திருப்பார்கள். தண்ணீர் மோட்டாரைத் திண்ணை கட்டி மேலே ஏற்றியிருப்பார்கள். வீட்டு வாசலில் இரண்டு செங்கல் உயரத்துக்குக் குறுக்கே ஒரு தடுப்பு கட்டியிருக்கும், எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். பழைய வீடுகள் சாலையைவிடப் பள்ளத்தில் இருக்கும், உள்ளே போகப் படி இறங்க வேண்டும். சாலை மேல் சாலையாகப் போட்டு உயர்த்தியதன் விளைவு அது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அதிகாரிகளுக்கு எழுதினார். எழுதிய பிறகும் படி இறங்கிப் போகும் வீடுகளை நிறையப் பார்த்தேன்.

யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். புரோக்கரைக் கேட்டால் “லைட்டா நிக்கும் மேடம், ஒரு மணி நேரத்துல வடிஞ்சிடும்” என்பார். எல்லாப் பகுதிக்கும் இதே பதில்தான். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள். மளிகைக் கடைக்காரரிடம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடையில் எந்தத் தட்டு வரை நனைந்தது என்று கேளுங்கள். அவர் கையை வைத்துக் காட்டுவார். கார் வைத்திருப்பவர்களிடம் மழைக்காலத்தில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதை உங்கள் நாளிதழும் படத்தோடு போட்டது. ஒரு பகுதியைப் பற்றி அந்தப் படம் சொன்னதை எந்த விளம்பரமும் சொல்லாது.

நிலத்தடித் தண்ணீரையும் விடவில்லை. பிடித்திருந்த வீடுகளிலிருந்து போர் தண்ணீரை ஒரு சிறு பாட்டிலில் பிடித்து வந்து அளந்து பார்த்தேன். எனக்கு வேலையே அது என்பதால் எளிது, ஆனால் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் சிறு மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது, யாரும் வாங்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அதே தரம். சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்த குழாயும் கறை ஏறிய குளியலறைத் தரையும் மீட்டர் இல்லாமலே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். ஒரு வீட்டில் எல்லாமே பிடித்திருந்தது, போர் தண்ணீர் மட்டும் வாயில் வைக்க முடியவில்லை. மாநகராட்சி எல்லையா ஊராட்சியா, பாதாளச் சாக்கடை இருக்கிறதா, இல்லையென்றால் கழிவுநீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் கேட்டுக்கொண்டோம்.

எல்லாம் சரி, இப்படித் துப்பறிந்துதான் ஒரு குடும்பம் வீடு வாங்க வேண்டுமா? பகலில் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு பார்க்க முடிகிறவர்களுக்கு இது எவ்வளவு சிரமம்! வெளியூரிலிருந்து வந்து சென்னையில் வேலை பார்ப்பவருக்கு இஸ்திரிக்காரரிடம் என்ன கேட்பது என்றே தெரிந்திருக்காது. அவர் பார்ப்பது புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைத்தான்.

அரசிடம் இந்த விவரம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஏரி, ஆறு, வாய்க்காலுக்குப் பக்கத்தில் மனைப்பிரிவு போடவோ பெரிய கட்டடம் கட்டவோ அனுமதி கேட்டால், வெள்ளம் சூழும் ஆபத்தைப் பார்த்து நீர்வளத் துறை தடையில்லாச் சான்று தர வேண்டும். எந்த மட்டம் வரை மண் கொட்டி உயர்த்த வேண்டும், எவ்வளவு அகலத்துக்கு வடிகால் விட வேண்டும் என்றெல்லாம் அந்தச் சான்றில் நிபந்தனை இருக்கும். அதாவது இந்த நிலம் எவ்வளவு பள்ளம் என்பது ஓர் அரசு அலுவலகத்துக்கு அங்குலக் கணக்கில் தெரியும். மனையை வாங்குபவருக்குத் தெரியாது. பக்கத்துப் பழைய தெருவில் இருப்பவருக்கும் தெரியாது. புது மனைப்பிரிவை உயர்த்தியதும் பழைய தெருதான் குளமாகிறது என்பதை அவர் அடுத்த மழையில் தெரிந்துகொள்கிறார்.

நிவாரணக் கணக்கும் அரசிடம் இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு வீடு வீடாகக் கணக்கெடுத்து 5,000 ரூபாய், குடிசைகளுக்கு 10,000 ரூபாய் என்று கொடுத்தார்கள். 2023-ல் ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தார்கள். தீயணைப்புத் துறை படகு அனுப்பிய தெருக்கள், மாநகராட்சி மோட்டார் வைத்து நீர் இறைத்த இடங்கள், நிவாரண முகாம் திறந்த பள்ளிகள் என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. இவற்றைச் சர்வே எண்ணோடு சேர்த்து வைப்பது முடியாத காரியம் இல்லை. இன்று வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே பதிவுத் துறையின் இணையதளத்தில் பார்க்கிறோம். பட்டாவும், நிலத்தின் எல்லையை வரைந்து காட்டும் புலப்படமும் கைப்பேசியில் கிடைக்கின்றன. சர்வே எண்ணைக் கொடுத்தால் அந்த நிலம் குடியிருப்பா விவசாயமா என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இணையதளம் காட்டுகிறது. இவ்வளவு செய்த அரசுக்கு இன்னொரு வரி சேர்ப்பது பெரிய வேலையா?

நான் கேட்பது இதுதான். வில்லங்கச் சான்றின் கீழே, அந்தச் சர்வே எண் அமைந்த தெருவில் 2015 முதல் எந்தெந்த ஆண்டு வெள்ளம் பதிவாகியிருக்கிறது, ஏறக்குறைய எந்த உயரம் என்று ஒரு வரி வர வேண்டும். சொத்தின் மேல் உள்ள அடமானத்தை எழுதிவிட்டு, வருடா வருடம் வரும் தண்ணீரை எழுதாமல் விடுவது, இரத்தப் பரிசோதனை அறிக்கையில் எல்லாவற்றையும் அச்சடித்துவிட்டு சர்க்கரை அளவை மட்டும் விட்டுவிடுவது போலத்தான். நோயாளி கேட்கவில்லை என்று நாங்கள் அப்படி விட்டுவிட முடியாது.

இதை ரெரா மூலம் செய்யலாமே என்று சிலர் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதுத் திட்டங்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும் என்பது உண்மை. அங்கே நீர்வளத் துறைச் சான்றைத் தமிழில், முதல் பக்கத்திலேயே போட வேண்டும் என்பதையும் கேட்கிறேன். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளோ வீடுகள் எட்டுக்குள்ளோ இருந்தால் பதிவு தேவையில்லை. எங்கள் பட்ஜெட்டில் கிடைப்பவை பெரும்பாலும் அவைதான். உள்ளூர் மேஸ்திரி கட்டிய தனி வீடு, ஆறு வீடு கொண்ட சிறு கட்டடம், பதினைந்து இருபது வருடப் பழைய ஃபிளாட். எல்லாமே அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. எல்லா விற்பனையும் சார்பதிவாளர் அலுவலகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால்தான் அங்கே வைக்கச் சொல்கிறேன்.

ஜப்பானில் 2020 ஆகஸ்ட் முதல், வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும், ஒப்பந்தத்துக்கு முன்பே வெள்ள அபாய வரைபடத்தில் அந்த வீடு எங்கே இருக்கிறது என்பதைத் தரகர் காட்டி விளக்கியாக வேண்டும். அங்கே வெள்ளப் பகுதிகளில் வீடு விற்பது நின்றுவிடவில்லை. வாங்குபவர் தெரிந்து வாங்குகிறார், அவ்வளவுதான்.

இப்படி எழுதினால் அந்தத் தெருக்களில் ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்களின் கதி என்ன என்று வரதராஜபுரத்து அக்காவே என்னைக் கேட்டார். “எங்க வீட்டை நாளைக்கு யாரு வாங்குவா?” என்றார். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள் அவர்கள். இரண்டு விஷயங்கள் அவரிடம் சொன்னேன். ஒன்று, செய்த வேலையும் அதே வரியில் பதிவாக வேண்டும். அவர்கள் பகுதியில் அடையாற்றை அகலப்படுத்தினார்கள், மூடு கால்வாய்கள் கட்டினார்கள். அதற்குப் பிறகு எந்த மழைக்குத் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதும் எழுதப்பட்டால், குறைந்திருப்பது அரசு முத்திரையோடு தெரியும். இப்போது வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இரண்டாவது, பதிவாகிவிட்ட வெள்ளத்தை எந்த அதிகாரியும் இல்லை என்று சொல்ல முடியாது. வடிகால் கேட்டுப் போராடும் குடியிருப்போர் சங்கத்துக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேறு என்ன வேண்டும்? அக்கா முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. விலை குறைந்துவிடும் என்ற பயம் அவருக்கு இன்னும் இருக்கிறது, அது நியாயமான பயம்தான். ஆனால் 2013-ல் அந்த ஒரு வரி இருந்திருந்தால் வாங்கியிருப்பீர்களா என்று கேட்டபோது, வாங்கியிருக்க மாட்டோம் என்று உடனே சொன்னார்.

இன்னொன்றையும் அரசு யோசிக்க வேண்டும். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் புதிய கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வரை வட்டி மானியம் உண்டு. ஆனால் வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். சென்னையைச் சுற்றி 35 லட்சத்துக்குள் புது வீடு எங்கே கிடைக்கிறது என்று தேடிப் பாருங்கள். நாங்கள் பார்த்தவற்றில் பல ஏரிக்கரையை ஒட்டிய நகர்களிலும் வயலை மேடாக்கிய இடங்களிலும் இருந்தன. மேட்டில், ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் பழைய வீடு 36 லட்சம் என்றால் மானியம் இல்லை. எங்களுக்கு அப்படித்தான் போயிற்று. உதவி செய்ய வந்த திட்டம் ஏழைகளைப் பள்ளத்தை நோக்கித் தள்ளக் கூடாது. பெருநகரங்களுக்காவது அந்த வரம்பை உயர்த்த வேண்டும்.

கடைசியில் நாங்கள் வாங்கியது அம்பத்தூரில் ஒரு பழைய ஃபிளாட். 640 சதுர அடி, 2004-ல் கட்டியது, எட்டு வீடுகள், லிப்ட் கிடையாது, முதல் மாடி. எங்கள் பங்குக்கு வரும் பிரிக்கப்படாத நிலம் 320 சதுர அடி. மாமியாருக்கு மண் குறைவுதான் என்ற மனக்குறை இருக்கிறது. வராந்தாவில் தொட்டி வைத்துக் கீரை போட்டிருக்கிறார். அம்பத்தூர் முழுதும் மேடு என்று சொல்ல மாட்டேன். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகிறது, போகிற வழியில் நனையும் தெருக்கள் நிறைய. எங்களுக்கு அடுத்த தெருவிலேயே கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. எங்கள் தெருவில் 2015-லும் 2023-லும் வீட்டுக்குள் வரவில்லை என்று அங்கே நாற்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கும் பெரியவர் சொன்னார். அவர் வார்த்தையை நம்பித்தான் 36 லட்சம் ரூபாயைப் போட்டிருக்கிறோம். நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார். அப்படி ஒருவர் கிடைக்காதவர்கள் யாரை நம்புவார்கள்?

ஸ்டேஷனுக்கு நடந்தே போகிறேன். கணவருக்குத் தொழிற்பேட்டை சைக்கிள் தூரம். மகளின் பள்ளிக்கு மாமியாரே போய்க் கூட்டிவந்துவிடுகிறார். பெருமழையில் வியாசர்பாடிப் பாலத்தடியில் தண்ணீர் ஏறி ரயில் நின்றால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் வழியில்லை. 2023 டிசம்பரிலும் அப்படித்தான் ரயில்கள் நின்றன. அன்று வேலைக்குப் போக முடியாது, ஆனால் வீட்டில் இருக்க முடியும்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். அரசு செய்யும் வரை நீங்களே தொடங்கலாம். உங்களுக்கு ஒவ்வொரு பகுதியிலும் நிருபர்கள் இருக்கிறார்கள், 2015-லிருந்து எடுத்த வெள்ளப் படங்கள் தேதியோடும் தெருப் பெயரோடும் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. வீட்டுமனை இணைப்பில் ஒரு பகுதியைப் பற்றி எழுதும்போதெல்லாம், சதுர அடி விலைக்குப் பக்கத்தில், அங்கே 2015-லும் 2021-லும் 2023-லும் எந்தெந்தத் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று நாலு வரி போடுங்கள். அந்த இணைப்பில் விளம்பரம் தரும் நிறுவனங்களுக்கு இது பிடிக்காமல் போகலாம் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்கிறேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே முதல் பட்டியல் வந்துவிட்டால், தீபாவளிச் சலுகை விளம்பரங்களைப் பார்த்து முன்பணம் கொடுக்கப் போகிறவர்களின் கையில் அது இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பத்தூர், சென்னை.